மாச்சாக்குத் திரை

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று புது வீட்டில் பால் காய்ச்சினோம். நீங்கள் கண்மூடி மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுப் பதுளை டவுனுக்குப் பக்கமாக வந்துவிட்டோம். நான்கு அறை, நான்குக்கும் கதவு. நம்புவீர்களா?

இத்தனை கதவு வந்த பிறகும், நீங்களும் நானும் தைத்த மாச்சாக்குத் திரையை நான் விடவில்லை. தொண்ணூறுகளில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க இடமில்லை என்று நான் அழுததும், ஆறு பேர் இருந்த நம் ஒற்றை அறைக் காம்பராவை அந்தத் திரையால் இரண்டாக்கினீர்கள். நான் கோதுமை மாச் சாக்கு நான்கை அவித்து வெளுத்துக் கொடுத்தேன். நீங்கள் வெட்டிச் சேர்க்க, நான் பாதி தைத்தேன். ஃபேக்டரியில் தேயிலை மூட்டை தைத்த கை சும்மா இருக்குமா? மூட்டையைத் தூக்கப் பிடிக்கிற காதுகளை மூலைக்கு மூலை வைத்தே தைத்துவிட்டீர்கள்!

"என்னங்க இது, திரைக்குக் காது?" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆணியில மாட்ட வேணாமா புள்ள?" என்று சமாளித்தீர்களே, கெட்டிக்காரர்தான்.

ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது என் கூட்டாளிகள் லயத்துக்கு வந்தார்கள். வெட்கப்பட்டு, அவர்கள் வருமுன் திரையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் திணித்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அவர்கள் போனதும் தூசி தட்டிப் பழையபடி மாட்டினீர்கள். "ஏன் தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நேற்று என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மார் வருவதாக இருந்தது. "புதுசா ஒரு கர்ட்டன் வாங்கிருவமா?" என்றார் உங்கள் மருமகன். வேண்டாமென்று, எல்லார் கண்ணிலும் படும்படி முன்னறை வாசலில் அதையே மாட்டினேன்.

ஒரு டீச்சர் தொட்டுப் பார்த்தார். "இது மாச் சாக்குதானே?"

திரையின் காதைப் பிடித்து நேராக்கினேன்.

"ஆமாங்க. எங்க அப்பாவும் நானும் தைச்சது" என்றேன்.

"அப்பா ஊசி பிடிப்பாரா!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி யார் வந்தாலும் கழற்ற மாட்டேன் அப்பா. கிழிந்தால் நானே தைப்பேன். கூட்டாளிகள் வந்த அன்றே 'அப்பாவும் நானும் தைச்சது' என்று சொல்லியிருந்தால், பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். நேற்றுச் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ என்றுதான் எழுதுகிறேன்.

உங்களோடு உட்கார்ந்து தைத்த மகள்,
செல்வராணி