கல்லின் மேல் போட்ட பழி

அக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு, வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து உன் சாமான்கள் நேற்று பார்சலில் வந்தன. மூக்குக்கண்ணாடி, ஸ்வெட்டர், அதற்குள் சுருட்டி ஒரு சின்ன டப்பா. திறக்காமலே தெரிந்துவிட்டது. முனை உடைந்த அந்த வைரம்.

அதை நீ காரைக்குடிக்குக் கொண்டுவந்தபோது என் மகள் மலர் நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். அவள் கையில் வைத்து, "உன் பிள்ளைக்குப் பெரிய அம்மாச்சியோட சீர்" என்று சிரித்தாய். உளுந்தளவு கல். இப்படி ரெண்டு கல்லுக்கு நடுவே சோடியத்தை வைத்து நெருக்குவதுதான் உன் வேலை என்றாய். கத்தியால் வெட்டுகிற அளவுக்கு மெத்தென்று இருக்குமாம், வெள்ளி மாதிரி மின்னுமாம். நெருக்க நெருக்கக் கறுத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம்.

"ஆறாங்கிளாஸோட நின்னவன்னா என்ன வேணாலும் சொல்லுவியா? சட்டியை நசுக்கினா நசுங்குன சட்டிதான் வரும்" என்றேன்.

"அந்த நசுக்கல் இல்லடி இது. அணுவுக்கு நிக்கவே இடமிருக்காது. உள்ள ஓடிக்கிட்டிருந்த எலெக்ட்ரான் எல்லாம் இண்டு இடுக்குல போய் அடைஞ்சிரும். அப்புறம் மினுமினுப்பு ஏது? வெளிச்சம் நுழைஞ்சு அங்குட்டுப் போயிரும். அந்த அழுத்தத்துலதான் இந்தக் கல்லு தெறிச்சுச்சு."

நம் பக்கத்தில் வைரத்தைச் சில நாள் வீட்டில் வைத்து, நல்லது கெட்டது பார்த்துவிட்டுத்தானே எடுப்போம். உன் கல் வந்த நாலாம் நாள் மலர் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும், "நீங்க வீட்டுலதானே இருந்தீக? எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"எங்கக்கா ஒரு ஒடஞ்ச வைரத்தைக் கொண்டாந்து வச்சா" என்றேன்.

நீ பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றாய். வீட்டுக்கு வந்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். நானும் தடுக்கவில்லை.

அன்று காலை முற்றத்தில் சோப்புத் தண்ணி ஊற்றித் தேய்த்தவள் நான். அடுப்பில் பால் பொங்குகிறதென்று தண்ணி தள்ளாமல் ஓடினேன். அவள் விழுந்த சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் உன் பேரைச் சொன்னேன்.

இன்று காலை மலரிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். திட்டுவாள் என்று இருந்தேன்.

"பெரியம்மா அதை நம்பியிருப்பாகளாம்மா?" என்றாள்.

பெரியம்மா படித்தவள், நம்பியிருக்க மாட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மலருக்கு அடுத்த பிள்ளை பிறந்தபோது கூப்பிட்டேனே, "நான் வரலடி, புள்ளைய தூரத்துலருந்தே பாத்துக்கிறேன்" என்று போனில் சொன்னாய். அது என் மேல் உள்ள கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.