கோலசிலாங்கூருக்குப் பாய்மரத்தில்

1943 மே 9, ஞாயிறு. காஜா பெராங், மலாக்கா.

மனைவி சீதாவின் அஞ்சலட்டை வந்தது. இரண்டு வரியைத் தணிக்கைக்காரன் மையால் அழித்திருக்கிறான். மிச்சம் இது: அத்தை போன மாதம் இறந்துவிட்டார். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில்பாதை வேலைக்கு மைத்துனனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "பாப்பா நடக்கிறாள். அப்பா எங்கே என்றால் கதவைக் காட்டுகிறாள். வர முடிந்தால் வாருங்கள்."

பிரசவத்துக்கென்று 1941 நவம்பரில் அவளைக் கோலசிலாங்கூரில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். அடுத்த மாதமே ஜப்பான்காரன் வந்தான். மகள் விஜயாவை நான் இன்னும் பார்த்ததில்லை.

மே 10

எப்படிப் போவது? மலாக்காவிலிருந்து ரயில் கிடையாது, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். சாலை வழியே போன தமிழர்களைச் சிரம்பானில் லாரியோடு மடக்கிச் சயாமுக்கு ஏற்றினார்களாம். நானும் மாட்டிக்கொண்டால் அவளுக்கு யார் இருக்கா? ஆனா இங்கயே உட்கார்ந்திருந்தா மட்டும் யார் இருக்கா?

மே 14

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இப்ராஹீமைப் பார்த்தேன். துறைமுக ஆபீசில் நான் கிராணியாக எழுத்துவேலை பார்த்தபோது அங்கே படகோட்டியாக இருந்தவன். இப்போது ஆபீசும் இல்லை, அந்த வேலையும் இல்லை. சொந்தப் பாய்மரப் படகில் விறகு ஏற்றிப் பிழைக்கிறான். இருபத்திரண்டு அடிப் படகு. நடுவில் கீற்றுக் கூரை.

அட்டையைப் படித்துக் காட்டினேன். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"ரோட்டுலதானே பிடிக்கிறான். கடல் வழியா போவோம்."

பதினோரு வருஷம் கடல் வரைபடங்களை நகல் எடுத்தவன் நான். ஆனால் படகுத்துறையைத் தாண்டிப் போனதே கிடையாது. அதையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

"ஆழம் எங்க, மணல்திட்டு எங்கன்னு உங்களுக்குத் தெரியும். காத்து எனக்குத் தெரியும். வேற என்ன வேணும், கிராணியாரே?"

மே 22

அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது! கோலசிலாங்கூரிலிருந்து கரி ஏற்றிவர, இரண்டு ஆள், ஜூன் முடியும் வரை. வருஷம் 2603 என்று முத்திரை குத்தியிருக்கிறான்.

கடிகாரம் எல்லாம் தோக்கியோ நேரத்தில் ஓடுகிறது. என்னிடம் இருப்பதோ 1941-இன் கடல்நீர் ஏற்றவற்று அட்டவணை. பிறையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி, நாளுக்கு ஒரு தாளாக எழுதி வைத்தேன். சரியா தப்பா என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 1

கிளம்பினோம். மூன்று முறை வாந்தி எடுத்தேன்.

ஜூன் 2. கோல லிங்கி.

வெட்கம். நங்கூரம் போடும் வேலை என்னுடையது. இரு கை விரித்த அகலம் ஒரு பாகம்; மூன்று பாகம் ஆழம் என்று அளந்து, நாலு பாகம் கயிறு விட்டுக் கட்டினேன். விடிந்து பார்த்தால் படகு சேற்றுமேட்டில் சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஏறுகிறவரை ஆறு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம்.

இப்ராஹீம் திட்டவில்லை. "நங்கூரம் கனத்தால பிடிக்காது. தரையில படுத்தாத்தான் பிடிக்கும். கயிறு விடுங்க, தாராளமா விடுங்க" என்றான்.

மூன்று பாகத்துக்குப் பதினைந்து பாகம். இனி மறக்க மாட்டேன்.

ஜூன் 4

தஞ்சோங் துவான் முனையைத் தாண்டிவிட்டோம்!

முனைக்கு வெளியே தண்ணீர் கொதிப்பதுபோலச் சுழித்தது. காற்று நன்றாக இருக்கிறது, இப்போதே போய்விடலாம் என்றான் இப்ராஹீம். நான் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் பொறுத்தால் நீரோட்டம் நம் பக்கம் திரும்பும் என்றேன். முனையின் மறைவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றரை. அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. இரண்டாவது மணி முடிகிற நேரத்தில் நங்கூரக் கயிறு தளர்ந்தது, படகு தானாகவே முகத்தைத் திருப்பியது. அந்த ஓட்டமே எங்களை முனையைச் சுற்றி அள்ளிக்கொண்டு போனது.

சாப்பிட உட்கார்ந்ததும் இப்ராஹீம் தன் பங்குக் கருவாட்டில் பாதியை என் மரவள்ளிக்கிழங்கின் மேல் வைத்தான்.

இன்று வாந்தி இல்லை.

ஜூன் 7. கோலசிலாங்கூர்.

சீதா மெலிந்திருக்கிறாள். தலைமுடியை வெட்டிவிட்டிருக்கிறாள். வாசலில் நின்று, "எதுல வந்தீங்க?" என்று கேட்டாள். படகில் என்றேன். "நீங்களா?" என்றாள். பிறகு அழுதாள், நானும்தான்.

விஜயா என்னிடம் வரவில்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், நடக்கிறாள், கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஜூன் 10

கரி மூட்டைகளுக்கு நடுவே அவர்களுக்கு இடம் ஒழித்துக் கிளம்பினோம். எதிர்க்காற்று. தண்ணீர் சாதகமாக ஓடும்போது மட்டும் போகிறோம், மற்ற நேரம் நங்கூரத்தில் கிடக்கிறோம்.

ஜூன் 12. கேரித் தீவுக்கு வெளியே.

நோட்டு இன்னும் ஈரம். இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

காலை எட்டு மணிக்கு மேற்கே கறுப்பாக ஒரு வளைவு எழுந்தது. சுமத்ராப் புயல். ஆற்று வாய்க்குள் ஓடிவிடலாம் என்று இப்ராஹீம் சுக்கானைத் திருப்பினான். அந்த வாயில் மணல்திட்டு இருப்பதை என் கையாலேயே வரைந்திருக்கிறேன். அது வற்றுநேரம், அங்கே இரண்டடித் தண்ணீர்கூட இருக்காது. அலை தூக்கிப் போட்டால் படகு உடையும்.

"வேணாம். இங்கேயே நங்கூரம் போடு" என்றேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் உத்தரவு.

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் பாயை இறக்கினான். ஆழம் பார்க்க, மெழுகு தடவிய ஈயக் குண்டை விட்டேன். நாலு பாகம், ஒட்டிவந்தது நல்ல களிச்சேறு. நங்கூரம் போனது. அதற்குள் காற்று வந்து அறைந்தது. ஓடுகிற கயிறு இப்ராஹீமின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அவன் கை விடுவதற்குள், சீதா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து, படகின் முன்கட்டையில் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். மழையில் முகமே தெரியவில்லை. இன்னும் எவ்வளவு விட என்று கத்தினாள். இருக்கிறதையெல்லாம் விடு என்று நானும் கத்தினேன்.

அரை மணி நேரம். கரையிலிருந்த ஒரே ஒரு மரத்தைக் குறிவைத்து, மழை விலகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரம் நகரவில்லை. அப்படியென்றால் நாங்களும் நகரவில்லை! பிடித்துக்கொண்டது, பிடித்தே விட்டது!

வெயில் வந்த பிறகுதான் கவனித்தேன். விஜயா என் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

ஜூன் 16. வீடு.

மலாக்கா ஆற்று வாயில் சோதனை. சிப்பாய் துப்பாக்கி ஈட்டியால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். சீட்டில் இரண்டு ஆள்தானே, இது யார் என்று சீதாவைக் காட்டினான். எனக்குத் தெரிந்த பத்து ஜப்பானியச் சொற்களில் மனைவி என்பதும் ஒன்று. சொன்னேன். முகமெல்லாம் கரியோடு விஜயா அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். கையசைத்துப் போகச் சொல்லிவிட்டான்.

கரியை இறக்கிக் கொடுத்துவிட்டு, காஜா பெராங் வரைக்கும் நடந்தே வந்தோம். மகளைத் தோளில் தூக்கிவந்தது நான்.

ஜூன் 20, ஞாயிறு

அடுத்த வீட்டு மருதமுத்து வந்திருந்தார். அவர் மனைவி பூங்காவனமும் இரண்டு பிள்ளைகளும் போர்ட்டிக்சனில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கத் தயங்கி, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

இப்ராஹீமின் கை ஆறட்டும், அவனைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று நான் ஆரம்பித்தேன். சீதா அதற்குள் என் தாள்களை எடுத்துவந்து பாயில் பரப்பிவிட்டாள். விரலால் ஒரு வரியைத் தொட்டு என்னிடம் சொன்னாள்:

"வர்ற சனிக்கிழமை தண்ணி நமக்குச் சாதகமா இருக்கு. சீட்டும் மாசக் கடைசி வரைக்கும் செல்லும். பாப்பாவைப் பக்கத்துத் தெருவுல உங்க அக்கா பாத்துக்கட்டும். இப்ராஹீம் அண்ணன் சுக்கானைப் பிடிச்சா போதும், நங்கூரத்துக்கு நான் வர்றேன்."

மருதமுத்து என் முகத்தைப் பார்த்தார்.

அவள் சொன்னபடியே என்றேன். நங்கூரக் கயிறு ஒரு இடத்தில் நைந்திருக்கிறது. உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறேன்.