உன் கட்டுரைக்கு அப்பா போட்ட மதிப்பெண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது யார் முகத்தில் எத்தனை சுருக்கம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், குளியலறைக் குழாய் மட்டும் பழையபடி ஒழுகுகிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நான் பாதியிலேயே கத்துவேன், சொல்ல வந்த விஷயம் நடுவில் தொங்கும். அதனால் நான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்தே படி.

போன வாரம் நீ பேசும்போது, உன் இஸ்ரேல் பாலஸ்தீனக் கட்டுரை ஒருபக்கமாகச் சாய்கிறது என்று ஏதோ வாசகர் குழு புகார் அனுப்பியிருக்கிறது, மாதக் கடைசியில் முடிவு சொல்லும்வரை வெளிநாட்டுச் செய்திப் பக்கமே போகாதே, பழையபடி காய்கறி விலையும் மழை நிலவரமும் எழுது என்று ஆசிரியர் உட்கார வைத்துவிட்டார் என்று அழுதாயே, அப்போது அந்தக் குழுவின் பெயரையும் சொன்னாய். ஊடக நடுநிலைக் கண்காணிப்புக் குழு. கேட்டதும் நான் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குழு எங்கேயோ இல்லையடி, நம் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. உன் கட்டுரைக்கு நூற்றுக்குப் பதினெட்டு மார்க் போட்டு, புகாரில் செயலாளர் என்று கையெழுத்தும் போட்ட மகானுபாவர் வேறு யாருமில்லை, உங்கப்பாதான். நீ எழுதியது என்று தெரியாமல் போட்டார். தெரியாமல் என்பதில்தான் அவருக்கு எத்தனை பெருமை என்று மேலே படித்தால் உனக்கே புரியும்.

ரிட்டயரானதிலிருந்து அவருக்குப் பொழுது போகவில்லை என்று உனக்குத் தெரியும். முதலில் செடி வளர்த்தார், செடி செத்தது. பிறகு ஒழுகும் குழாயைக் கழற்றினார், வீடே குளமானது. அதன்பின் லைப்ரரியில் இரண்டு வெட்டி ஆபீசர்களைப் பிடித்தார். ஒருவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர், எதைச் சொன்னாலும் கையெழுத்தும் சாட்சியும் கேட்கிற ஆள், அவர்தான் தலைவர். இன்னொருவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இஸ்ரேல் பாலஸ்தீனச் சண்டையில் தலைவருக்கு ஒரு பக்கத்தின் மேல் சாய்வு, கண்ணாடிக் கடைக்காரருக்கு மறுபக்கத்தின் மேல் சாய்வு, இரண்டு பேரும் எலியும் பூனையும். ஆனால் பத்திரிகைக்காரன் அத்தனை பேரும் அயோக்கியன் என்பதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை. உங்கப்பா நடுவில் நடுநிலை. நான் நாளெல்லாம் பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து திறந்த வாய்களையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் மூன்று வாய் திறந்தபடியே இருக்கும். கிளினிக்கிலாவது அரை மணியில் மூடிவிடுவார்கள்.

வேலை எப்படி நடக்கும் தெரியுமா? கண்ணாடிக் கடைக்காரர் பத்திரிகைகளிலிருந்து செய்தியை வெட்டிக்கொண்டு வருவார். உங்கப்பா தேர்வுத் துறையில் ஆயுசு முழுக்க விடைத்தாளின் பெயர் மூலையை மடித்து ஒட்டி மேலே வேறு நம்பர் போட்ட மனுஷனாயிற்றே, அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவந்தார். எழுதினவன் பெயர் தெரிந்தால் மனசு கெட்டுப்போகும், பெயரை மறைச்சாத்தான் நியாயம் என்று சொல்லி ஒவ்வொரு செய்தியிலும் பெயரின் மேல் காகிதம் ஒட்டச் சொன்னார். அப்புறம் மார்க். கொல்லப்பட்டார் என்று எழுதினால் இவ்வளவு, இறந்தார் என்று எழுதினால் இவ்வளவு, தாக்குதலுக்கு ஒன்று, பதிலடிக்கு ஒன்று. ஒரு தாய் அழுதாள் என்று வந்தால் அரை மார்க் கழிவு, கதறினாள் என்று வந்தால் முழு மார்க் கழிவு. இதை எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். நான் அடுப்பை அணைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். பத்திரிகைகளில் ஓரவஞ்சனையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கண் இருக்கிறது. ஒரு பக்கத்தில் செத்தவனுக்குப் பெயர், படிப்பு, கல்யாணம் எல்லாம் போட்டு, மறுபக்கத்தில் செத்தவர்களை வெறும் எண்ணிக்கையாகப் போடுகிற பேப்பரை நானும் கிளினிக்கில் புரட்டிப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. இந்தப் பக்கத்துக்கு ஒரு பேப்பர் அப்படிச் செய்தால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு பேப்பர் செய்கிறது. யாராவது தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவனுக்குச் செத்தவர்கள் மேல் கொஞ்சமாவது கரிசனம் இருக்க வேண்டாமா? இவர்களுக்கு அங்கே நடப்பது சண்டை இல்லை, பரீட்சை.

உன் கட்டுரை இப்படித்தான் மாட்டியது. நீ இரண்டு பாகமாக எழுதினாய், முதல் பாகம் சனிக்கிழமை, இரண்டாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை. முதலில் காஸா ஆஸ்பத்திரித் தாய், மறுநாள் தம்பியைப் பணயக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போனதால் தவிக்கிற இஸ்ரேல் அண்ணன். தொடரும் என்று கீழே போட்டிருந்ததாம், அந்தத் துண்டைக் கத்தரிக்கோல் சாப்பிட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை இவர்கள் தொடுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். ஞாயிறு குழுவுக்கு விடுமுறை என்றார் உங்கப்பா. உலகத்தையே கண்காணிக்கிற துரைமாருக்கு வாராந்திர விடுமுறை! பாதிக் கட்டுரையைப் படித்துவிட்டு மறுபக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று புகார் எழுதி, மூன்று பேரும் என் கையால் டீ குடித்துவிட்டுத்தான் தபாலில் போட்டார்கள். இதில் இன்னொரு கூத்து, பெயரை மறைத்து ஒட்டின கண்ணாடிக் கடைக்காரர் உன் பெயரைப் பார்த்துத்தானே ஒட்டியிருக்க வேண்டும்? பார்த்திருக்கிறார். அவர் கடைக்கே போய்க் கேட்டேன். விதிப்படி நான் சொல்லக் கூடாதேம்மா, சொல்லியிருந்தா உங்க வீட்டுக்காரரே என்னைத் திட்டியிருப்பாரு என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. நான் என் பழைய கண்ணாடியை அங்கே ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன், அதை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ போன் பண்ணின அன்றைக்கே உங்கப்பாவிடம் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். சரி, மனுஷன் உருகிவிட்டார், இப்போதே ஆசிரியருக்குப் போன் பண்ணுவார் என்று பார்த்தால், கொஞ்சம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரு தெரிஞ்சப்புறம் மார்க்கை மாத்தினா அது மோசடி, என் சர்வீஸ்ல நான் அதைச் செஞ்சதில்லை என்றாரே பார்க்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற பெண்ணின் எழுத்தை அடையாளம் தெரியவில்லை, தெரிந்த பிறகும் நீதிமான் வேஷம் கலையவில்லை. நீங்க மார்க்கை மாத்த வேண்டாம், முதல்ல முழுசாப் படிங்க என்றேன். கிளினிக்கில் நோயாளிகள் புரட்டுகிற பழைய பேப்பர்க் கட்டில் தேடி ஞாயிற்றுக்கிழமை இதழைக் கொண்டுவந்து இரண்டு பாகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். கை தன்பாட்டுக்குப் பென்சிலைத் தேடியது. பிடுங்கி என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

பென்சில் இல்லாமல் படித்தார். அந்தத் தாய் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உன்னோடு போனில் பேசியது, உள்ளே கிடக்கிற மகனுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, இதை அவனிடம் கொடுங்கள் என்று போகிற வருகிற நர்ஸையெல்லாம் நிறுத்திக் கேட்டது, பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனது. மறுபாகத்தில் அந்த அண்ணன், தம்பி விட்டுவிட்டுப் போன போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வைப்பது. படித்து முடித்ததும் அவர் வாயாலேயே ஒன்று சொன்னார். அந்த மூக்குக்கண்ணாடி விஷயத்தைத்தான் கடைக்காரர் உணர்ச்சியைத் தூண்டும் விவரம் என்று சொல்லி இரண்டு மார்க் குறைக்கச் சொன்னாராம். நாளெல்லாம் கண்ணாடி விற்கிற மனுஷன்! அவரைப் பற்றி எழுத இந்தக் காகிதமே கூசுகிறது.

அடுத்த கூட்டத்தில் உங்கப்பா எழுந்து, பாதியைத்தான் படிச்சோம், புகாரைத் திருப்பி வாங்கணும் என்று கேட்டார். தலைவர் உடனே விதியை எடுத்தார். உறுப்பினரின் உறவினர் சம்பந்தப்பட்டிருந்தால் அந்த உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது. அந்த விதியை எழுதியதும் நம் வீட்டு மேதைதான். சொந்த வீட்டில், சொந்த முன்னறையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள், இவரும் எழுந்து வந்து சமையலறையில் என் எதிரில் உட்கார்ந்தார். நான் வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளினேன், உரித்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தலைவர் சொல்லச் சொல்லக் கடைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். புகாரில் மாற்றமில்லை, மேலும் செய்தியாளரின் தந்தையே பெயர் அறியாத நிலையில் இதை ஒருபக்கச் சார்பு என்று மதிப்பிட்டிருப்பது எங்கள் முறையின் நேர்மைக்குச் சான்று, இதையும் ஆசிரியரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். கடைக்காரர், பிரமாதம் சார் என்றார்.

உங்கப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவவில்லை. நேரே முன்னறைக்குப் போய் அவர்கள் கையிலிருந்த டீக் கோப்பைகளை, பாதி குடித்திருந்ததைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், ஒன்று ஒன்றாக வாங்கித் தட்டில் வைத்தார். கூட்டம் முடிஞ்சுது, எழுந்திரிங்க என்றார். நீங்க இந்த ரூமுக்குள்ள வரக் கூடாதே சார் என்றார் தலைவர். இது என் வீடு, நீங்கதான் இனிமே வரக் கூடாது என்றார் உங்கப்பா. கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயம் என்றுதான் என்னிடம் சொன்னார், நானும் ஆமாம் என்றுவிட்டேன். என்ன இருந்தாலும் கட்டிக்கொண்டவனாயிற்றே.

ஆனால் தலைவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் போனார், இந்நேரம் உன் ஆசிரியர் மேசையில் இருக்கும். பெற்ற அப்பனே சொல்லிவிட்டான் என்று உன் முகத்தில் விட்டெறிவார்கள், அதற்கு முன்னால் உனக்குத் தெரியட்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். உங்கப்பாவும் ஆசிரியருக்குத் தனியாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். முதலில் அட்டவணை போட்டுத் துறைக் கடிதம் மாதிரி எழுதினார், கிழித்தேன். பிறகு நான் சொன்னபடி எழுதினார்: நான் பாதியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், மீதி ஞாயிற்றுக்கிழமை வந்தது, எங்களுக்கு விடுமுறை, தவறு எங்களுடையது, அவளுடையது இல்லை. இது உதவுமா என்று எனக்குத் தெரியாது. அப்பன் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிறான் என்று தள்ளினாலும் தள்ளுவார்கள். உன் ஆசிரியரைப் பற்றியும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. தன் பேப்பரின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தானே புரட்டியிருந்தால் புகாரைக் குப்பையில் போட்டிருப்பார், புரட்டுவதற்கு முன்னால் பயந்துவிட்டார். ராஜினாமா கிஜினாமா என்று எதையும் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதே. விலக்கினால் அவர்களே விலக்கட்டும். மழை நிலவரம் எழுதச் சொன்னால் எழுது, சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே, ரொட்டியும் டீயுமாக நாளை ஓட்டினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

உங்கப்பா மேல் கோபப்படு, நான் தடுக்க மாட்டேன். நானே இன்னும் சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். அவர் உனக்குப் போன் பண்ண மூன்று தடவை எடுத்துவிட்டு வைத்தார், தைரியமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கு என்று கேட்கவில்லை, தெரியும். என்னைத் திட்டி எழுது என்றார். அதெல்லாம் எழுதியாகிவிட்டது என்றேன். பிறகு, அந்த அம்மா பேசும்போதே போன் நின்னுபோச்சே, அப்புறம் அவங்க நம்ம பொண்ணுகிட்ட பேசினாங்களான்னு கேளு என்றார். இத்தனை மாதமாக இந்த வீட்டில் அந்த ஊரைப் பற்றி எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. இப்படி ஒரு கேள்வி இன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

நல்லா இரு, உன் கைக்கும் வாக்குக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ. எனக்குப் பதில் தாமதமானாலும் பரவாயில்லை, அவருக்கு உடனே எழுதிவிடு. அந்தத் தாய் மறுபடி பேசினாள் என்றால் அதை எழுது. நீ தினமும் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறாய், யாரும் எடுக்கவில்லை என்றால் அதையே எழுது, மறைக்காதே. இனித் தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய் நிற்பார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா