காலுக்குக் குடைந்த மரம்

மார்ச் 3, திங்கள்

பிளாஸ்டிக் கால் இன்றும் கடித்தது. விபத்துக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் துண்டில் மறுபடி புண். சலூன்காரனுக்குக் கை இருந்தால் போதும் என்று யார் சொன்னது? நிற்க முடியாதவன் எவன் தலையில் கத்தரி வைப்பது?

கடைச் சொந்தக்காரர் வந்து போனார். "ஆறு மாசம் பொறுத்துட்டேன். ஏப்ரல் ஒண்ணாம் தேதி நீங்க திறக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்." நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 5, புதன்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். சகலை! மரத்தைக் குடைந்து கிண்ணமும் அகப்பையும் செய்கிறவர். இருபது வருடமாக நான் அவரை 'மரங்கொத்தி' என்றுதான் சொல்லி வருகிறேன், அவர் காதுபடவே.

வந்தார். என் துண்டுக் காலைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலைச் செருகுற கூட்டை மட்டும் மரத்துல குடைஞ்சு தரேன். மரம் வேர்வைய இழுத்துக்கும்." கூடு வந்தால் பிளாஸ்டிக் காலின் பாதத்தோடு இணைத்துத் தருவதாக, அந்தக் காலை மாட்டிவிட்ட ஆஸ்பத்திரி டெக்னீஷியனும் சொல்லிவிட்டாராம்.  எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது?

மார்ச் 8, சனி

அவருடைய பட்டறைக்குப் போனேன். முதலில் வாய்ச்சி. மண்வெட்டி மாதிரி பிடியும் குறுக்கே வாயும். கட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தன் பக்கமாகவே வெட்டுகிறார் மனுஷன்! கால் விரலுக்கு ஒரு நூல் தள்ளி இறங்குகிறது, ஒவ்வொரு வெட்டும். எனக்குத்தான் மூச்சு நின்றது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பிறகு நகம் மாதிரி வளைந்த உளிகள், ஒன்பது. கடைசியில் நுனி கொக்கியாக வளைந்த ஒரு சிறு கத்தி. அதை வாங்கி என் முன்கையில் வைத்து இழுத்தேன். சத்தமே இல்லாமல் மயிர் போய்விட்டது, தோலில் ஒரு கீறல் இல்லை. முப்பது வருடமாகக் கத்தி தீட்டுகிறவன் நான். இப்படி ஒரு பதம் எனக்கு வாய்த்ததே இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

துண்டுக் காலில் உறை மாட்டி, நீலச் சாக்பீஸ் பொடி பூசி, பாதத்துக்குப் பதில் அடியில் ஒரு முட்டுக்கட்டை பொருத்திய கூட்டில் இறக்கி நிற்கச் சொல்கிறார். வெளியே எடுத்தால், உள்ளே எங்கெல்லாம் நீலமோ அங்கெல்லாம் உளி. மறுபடி பொடி, மறுபடி உளி. "எங்க தொடுதுன்னு பொடி சொல்லிடும். எங்க வலிக்குதுன்னு நீங்கதான் சொல்லணும் சகலை."

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து விளிம்பைச் சுற்றி வருகிறார். அதுதான் அவருக்கு அளவு. எனக்குச் சந்தேகம். அளவுக்கருவி கேட்டு வாங்கி எட்டு இடத்தில் கனம் பார்த்தேன். எட்டு இடத்திலும் அச்சாக மூன்று நூல். கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 15, சனி

"இங்க வலிக்குதா?" இல்லை. "இங்க?" இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

நேத்து வலிச்சுது. எலும்பு முனையில உயிர் போற வலி. மரங்கொத்தின்னு சிரிச்ச வாயால 'ஐயோ'ன்னு எப்படிச் சொல்றது? சொல்லல. அந்தப் பக்கம் தாங்குதுன்னு நம்பி, எதிர்ப்பக்கத்தை எல்லாம் குடைஞ்சுட்டார். இன்னைக்கு நாலடி நடந்தேன் — உறையெல்லாம் ரத்தம்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே எலும்புப் பக்கம் எடுத்தா லொடலொடன்னு ஆடும். வெட்டின முடி முளைக்கும் சகலை. வெட்டின மரம் முளைக்காது." ஓரமாக வைத்துவிட்டார். எட்டு நாள் உழைப்பு. வீம்பு பிடித்த நாக்கு எனக்கு.

மார்ச் 17, திங்கள்

புதுக் கட்டை எடுத்துவிட்டாராம். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

மார்ச் 24, திங்கள்

இன்று வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். வலித்த இடத்தில் எல்லாம் "ஆ" என்றேன். "அப்படிச் சொல்லுங்க!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

எலும்பு முனைக்கு வந்ததும் உளிகளைத் தள்ளி வைத்தார். கொக்கிக் கத்தியை உள்ளே விட்டு, விரலாலேயே இடம் தேடி இழுத்தார். வெங்காயச் சருகு மாதிரி ஒரு சீவல். இன்னொன்று. இன்னொன்று. நின்றேன். வலி இல்லை.

மூன்று சீவல்! உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூச்சு விட்டால் பறந்துவிடும். எனக்கும் என் கடைக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதானா? கண்ணால் பார்க்காமலே இதை எடுக்க ஒரு கை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலிக்குதா?" என்று பதறினார்.

"இல்ல சகலை. நெஜமாவே வலிக்கல."

மார்ச் 29, சனி

டெக்னீஷியன் பாதத்தை இணைத்துக் கொடுத்தார். தெருமுனை வரை போய்வந்தேன். விழுந்தால் பிடிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டே மனைவி பின்னால் வந்தாள். பார்க்காத மாதிரி நடந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கடை திறந்தாயிற்று.

ஏப்ரல் 9, புதன்

பதினான்கு தலை, ஆறு சவரம். வீட்டுக்கு வரும்போது பாதமெல்லாம் வெட்டின முடி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கக் குழாயைத் திறந்து ஒரு காலைக் கழுவினேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் நீட்டினேன்.

"ஐயோ, மரத்துல தண்ணி!" என்று மனைவி கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

குனிந்து பார்த்தேன். ஆமாம், மரம். காலையிலிருந்து எனக்கு அது ஞாபகமே இல்லை.