மீன்கொத்திக்கு விட்ட முளைக்குச்சி

என் கோபக்கார இன்ஜினியருக்கு,

ஜெயித்துவிட்டோம்! சதுப்பு நிலத்தில் நீங்கள் போடவிருந்த அரசாங்கச் சாலைக்குக் கோர்ட் தடை விதித்துவிட்டது.

நீதிபதி நேரிலேயே பார்க்க வந்தார். "இங்க கொசுவைத் தவிர ஒண்ணுமே இல்லைங்கய்யா" என்று அரசு வக்கீல் சொல்லி வாய் மூடவில்லை, அவர் காலடிப் புதரிலிருந்து நீர்நாய்க் குட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. மனிதர் அலறிக்கொண்டு நீதிபதியின் மேலேயே சாய்ந்துவிட்டார்!

தடை வந்ததும் சாலைக்கு அளந்து அடித்த முளைக்குச்சிகளை எல்லாரும் பிடுங்கி எறிந்தோம். ஓடையோரக் குச்சியை மட்டும் நான் தொடவிடவில்லை. மீன்கொத்தி தினமும் அதில்தான் உட்காருகிறது.

"அதை அடிச்சது யாரு தெரியுமில்ல?" என்று பக்கத்து வீட்டு அக்கா முறைத்தாள்.

"தெரியும். எங்க வீட்டுக்காரரு."

கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கும் அந்த லாட்ஜ் அறையில் இனி உங்களுக்கு என்ன வேலை? இங்கே சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடிக்கிறது.

உங்கள் எதிர்க்கட்சி