ஆணி இருந்த உயரம்

மச்சான்,

சட்டையைத் துவைக்க எடுத்த உன் தங்கை, அதன் பையிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இன்னாங்க இது, சட்டைய கிழிச்சிடப் போவுது," என்றாள். சட்டை முழுக்க வேப்பந்தூள் வாசனை. அது உன் வாசல் மரத்தின் தூள், நீ அடித்த ஆணி. இந்தக் கதையை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

மரம் அறுக்கும் தொழிலில் இறங்கலாம் என்று நாம் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே சண்டைதான். பொன்னேரி ரோட்டில் ஒரு கொட்டகை, தரையில் கான்கிரீட்டில் பதித்த ரம்பம், த்ரீ ஃபேஸ் கரண்ட், மரம் நம்மைத் தேடி வரட்டும் என்றேன் நான். டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டீசல் மிஷின் போதும் என்றாய் நீ. "எங்கூரு பசியாவரத்துல சாய்ற மரத்த எவன் ஏரி தாண்டி தூக்கினு வருவான்? நாம போலாம் மச்சான்." நீதான் ஜெயித்தாய்.

முதல் வேலையே மானத்தை வாங்கியது. மிஷினைப் பிரித்து, இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி ஏற்றிப் போய், உங்கள் ஊர்க் கரையில் இறக்கிப் பூட்டினோம். ரம்பம் ஓடுகிற தண்டவாளம் மணலில் ஒரு பக்கம் இறங்கியதைக் கவனிக்கவில்லை. பலகை ஒரு முனையில் ஒரு விரல் தடிமன், மறுமுனையில் இரண்டு விரல். மரக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பலகை கேட்டா ஆப்பு அறுத்து குடுத்துக்கிறீங்க," என்றார். நீ அவரோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு, தண்டவாளம் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நாம் இன்ஜினைத் தொட்டதே கிடையாது.

கொட்டகை வைத்திருப்பவர்கள் ஏரிக்கரை மரம் என்றாலே வேண்டாம் என்பார்கள். கிழிந்த வலையை மாட்டிப் பொத்துவதற்கு இங்கே வாசல் மரத்தில் ஆணி அடிப்பது வழக்கம். சில வருஷத்தில் பட்டை வளர்ந்து அதை மூடிவிடும். ரம்பம் அதில் பட்டால் பல் மொத்தமும் போச்சு. பொன்னேரியில் இறங்கிய கட்டையில் ஆணி எங்கே என்று யார் சொல்வது? மரம் நின்ற இடத்திலேயே அறுத்தால், அடித்தவர் பக்கத்தில் நிற்பார். இன்ஜினைக் கிளப்பும் முன் நீ கூட்டத்தைப் பார்த்து, "இதுல வலை மாட்னது யாரு? வந்து காட்டு," என்பாய். காட்டிய இடத்தை உளியால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் அறுப்போம்.

ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், கொட்டகை ஆசை எனக்குப் போகவே இல்லை. மார்வலி என்று உன்னைப் படகில் ஏற்றினார்கள், நீ உயிரோடு திரும்பி வரவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய தண்டவாளத்தை நான் கூலிக்கு ஆள் தேடித் தூக்கினேன். ஆள் வராத நாளில் உன்மேல் கோபம் கோபமாக வந்தது, இப்படியா நடுவில் விட்டுப் போவது என்று. சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் மிஷினை விலைக்குக் கேட்டார். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் அடித்த காற்றில் உன் வாசல் வேம்பு வேரோடு சாய்ந்தது. உன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அவுரு வலை மாட்ன மரம். வீட்டுக்கு கதவு போடணும். அறுத்து குடுத்துட்டு அப்பறமா மிஷின வித்துக்கங்க."

போனேன். ரசமட்டம் பார்த்தேன். வழக்கப்படி, வலை மாட்டியது யார் என்று கேட்டேன். ஒருவரும் முன்னால் வரவில்லை. மாட்டியவன் நீ அல்லவா. உன் மனைவிதான் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நின்னுனு இருந்த மரம்ணா. படுத்துக்கினா எனக்கு அடையாளம் தெரில."

பிறகு அவள் ஒன்று செய்தாள். வேர்ப் பக்கம் காலை நீட்டி, மரத்தை ஒட்டி மணலில் படுத்தாள். கையை நெற்றிக்கு நேராகக் கொண்டுபோய்ப் பட்டையைத் தொட்டாள். "ரெண்டு பேரும் நின்னுனு பொத்துவோம். என்னுது இங்க." தோண்டினேன், ஆணி இருந்தது. "அவுருது இன்னும் மேல. தலைக்கு மேல கைய தூக்கி மாட்டுவாரு. நீங்களும் அவுரு ஒசரந்தான, படுங்கண்ணா."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் படுத்தேன். கையைத் தலைக்கு மேல் நீட்டினேன். உள்ளங்கைக்குக் கீழே பட்டை எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேப்பந்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது, இன்ஜினே இன்னும் கிளப்பவில்லை.

அந்த இடத்தைத் தோண்டி, உன் ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் இன்ஜினைக் கிளப்பினேன். பலகை பழுதில்லாமல் வந்தது. கதவுக்குப் போக மீதமும் இருக்கிறது. சுண்ணாம்புக்குளத்துக்காரருக்குப் போன் செய்து, மிஷின் விற்பதற்கில்லை என்றேன். வாக்கு மாறுகிறாயே என்று திட்டினார், வாங்கிக்கொண்டேன். கொட்டகையில் பலகை இன்னும் நேராக வரும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், கேட்டுக்கொள்.

ஆணியை ரசமட்டப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பரணிலிருந்து எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால், நீ எட்டியதும் இதுவரைதான் என்று தோன்றுகிறது. உன் உயரம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மச்சான்.