நூல் கடை அட்டையில் உன் முகம்

என் கண்ணான அம்மா,

நேற்று உன்னைப் பார்த்தேன்.

நீ இறந்துபோனபோது எனக்கு நான்கு வயது. உன் குரல் லேசாக ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை. வீட்டில் உன் படம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "அந்தக் காலத்துல யாரு படம் புடிச்சாங்க?" என்பார் அப்பா. அறுபது வயதுவரை அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு வசந்தா பழைய விளம்பர அட்டைகள் சேர்ப்பவள். ஜலகண்டாபுரத்தில் மூடிப்போன ஒரு நூல் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்திருந்தாள். தறிக்காரர்களுக்குக் கடையில் இனாமாகக் கொடுத்த வண்ணப்பட அட்டைகள். கிளியோடு ஒருத்தி, நாய்க்குட்டியோடு ஒருத்தி என்று பார்த்துக்கொண்டே வந்தோம். அடுத்ததில், மடியில் வெள்ளைப் பூனையோடு சிரிக்கிற ஒரு பெண். வசந்தா அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், இது நீங்களேதானுங்க."

என் நெற்றி, என் மூக்கு, என் கோணல் முன்பல். வயது மட்டும் இருபது.

அப்பாவிடம் கொண்டுபோனேன். தொண்ணூறை நெருங்குகிறவர், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். கல்யாணமான புதிதில் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் பூனையோடு நீ எடுத்துக்கொண்ட படமாம். ஸ்டுடியோக்காரர் யாரையும் கேட்காமல் அதை விளம்பர அட்டை வரைகிற ஓவியரிடம் கொடுத்துவிட்டாராம். தறிக்காரர் வீடெல்லாம் உன் முகம்.

"உங்கம்மாகிட்ட காட்டுனேன். அழகாத்தானே போட்டிருக்காங்கன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கல சாமி. ஊட்டுல இருந்த படத்தையெல்லாம் அடுப்புல போட்டுட்டேன்."

நீ அப்போது பக்கத்தில் நின்றாயா அம்மா? அழுதாயா? அதற்கப்புறம் எப்போதாவது சிரித்தாயா? அப்பாவிடம் இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அட்டை கொஞ்ச நேரம் தன்னிடம் இருக்கட்டுமா என்று அப்பா கை நீட்டினார். கொடுக்கவில்லை. அவர் கேட்டு நான் மறுத்தது அதுதான் முதல் தடவை.

இன்று மதியம் சாப்பிடாமல் மறுபடி கேட்டார். கொடுத்தேன். ஆனால் ஒரு முனையை நான் விடவில்லை. அப்படியே இரண்டு பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அழுதார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

உன் கல்லறையில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வருகிற கல்லறைத் திருநாளுக்குள் அந்தச் சிரிப்பையும் கல்லில் பதித்துவிடுவேன். அப்பாவையும் கையைப் பிடித்து அழைத்து வருவேன். அவரை மன்னித்துவிட்டேனா என்று மட்டும் இப்போது கேட்காதே.

உன்னைவிட வயதில் மூத்துப்போன
உன் மகள்